மனோரமாவின் கடைசிச் சொல்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மாடியேற ஆரம்பித்துவிட்டாய் என்றறிந்து நிம்மதி. நாடகக் குழுப் பிள்ளைகளுக்கு மனோரமாவின் படங்களில் எதைப் போட்டுக் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். ஆயிரத்துக்கும் மேல் நடித்தவர்தான், ஆனாலும் பயிற்சிக்கு மூன்று படம் போதும்.

முதலில் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமா, நாதஸ்வர வித்வான் சிக்கலாரிடம் (சிவாஜி) நாதஸ்வரத்தைப் பற்றி வெள்ளந்தியாகக் கேட்கிற இடத்தைப் போடு. ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் கவனிக்கச் சொல். நம் பேச்சில் வினை கடைசியில்தான் வரும். 'இல்லை', 'மாட்டேன்' எல்லாம் அங்கேதான். புதுசாக நடிக்கிறவர்களுக்கு மூச்சும் சரியாக அங்கேதான் தீரும். சிரிப்பு வர வேண்டிய சொல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். மனோரமா பன்னிரண்டு வயதிலேயே நாடக மேடை ஏறியவர், 1958-ல் 'மாலையிட்ட மங்கை'க்கு வருமுன்பே மேடையில் பழுத்தவர். கேமராவுக்காகக் குரலைத் தணித்தார், கடைசிச் சொல்லை மட்டும் தணிக்கவில்லை.

இதைப் பழக்க ஒரு வழி. பத்து வாக்கியம் கொடு. கடைசி வரிசையில் ஒருவரை உட்கார்த்தி, காதில் விழுந்த கடைசிச் சொற்களை மட்டும் எழுதச் சொல். இரண்டுக்கு மேல் விட்டுப்போனால், கத்தச் சொல்லாதே. வினைக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சுக்கு இடம் குறித்துக் கொடு.

அடுத்தது 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). வேலைக்காரி கண்ணம்மாவாக மனோரமா, நடிகர் கிஷ்முவோடு மல்லுக்கு நிற்கிற காட்சி. வேகம் ஏற ஏறச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாததைப் பார். சென்னைத் தமிழ் என்றதும் பிள்ளைகள் 'இட்டுனு', 'வூட்டாண்ட' என்று சொல்லை மட்டும் மாற்றிவிட்டு இழுவையைத் தங்கள் ஊருடையதாகவே விட்டுவிடுவார்கள். முதலில் அர்த்தமில்லாமல் ராகத்தை மட்டும் முனகவிடு, சொல் பிறகு வரட்டும்.

மூன்றாவது 'சின்னக் கவுண்டர்' (1992). கொங்குத் தமிழுக்காகவும், அந்த எடுப்பான பல்செட்டுக்காகவும். உன் நாடகத்தில் யாராவது பல்செட் வைப்பதாக இருந்தால் ஒத்திகையின் முதல் நாளே மாட்டிவிடு. உதடு முழுதாக மூடாததால் ப, ம இரண்டும் குழறும், எச்சிலும் ஊறும். அரங்கேற்றத்தன்று மாட்டினால் வேடம்தான் தெரியும், ஆள் தெரியாது.

விருது பற்றியும் கேட்டாய். தேசிய விருது 'புதிய பாதை'க்கு (1989), பத்மஸ்ரீ 2002-ல். என்னைக் கேட்டால் ரமாமணிக்கே கொடுத்திருக்க வேண்டும். இருபது வருஷத் தாமதம் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாக நடித்தவர், அந்த வழியிலேயே போயிருந்தால் ரமாமணியும் கண்ணம்மாவும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஒத்திகைக்கு மைக் வைக்காதே. பத்து வாக்கியத்தில் எத்தனை தேறியது என்று எழுது.

அன்புடன்,
மணி