அந்தப் புடவை லிங்க்கில் கார்டு நம்பர் போடாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். பட்டுப்புடவை பாதி விலை என்று நேற்று நம் குழுவில் வந்த லிங்க்கைத் திறந்து பார்த்தேன். முகவரியில் பெரிய கடையின் பெயர் இருக்கிறது. ஆனால் அதோடு ஒரு சிறு கோடும் ‘ஆஃபர்’ என்ற சொல்லும் ஒட்டியிருக்கின்றன. கடையின் சொந்தத் தளத்தில் அப்படி இல்லை.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். நாம் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கம் இருப்பவர் திருடனா என்று அது சொல்லாது.

வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இன்றே அணைத்து வையுங்கள்.

ஏற்கெனவே நம்பரைக் கொடுத்துவிட்டீர்களா? கூச்சப்படாமல் உடனே கார்டை பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ராத்திரி ஆனாலும் என்னைக் கூப்பிடலாம், கூட இருந்து செய்து தருகிறேன்.