கிளிநொச்சி வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவின்படி இந்த ஆண்டு முழுவதும் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்டை வாசித்தோம். வன்னியில் இருந்துகொண்டு ஒரு ஜேர்மன் யூதப் பெண்ணை ஏன் வாசிக்க வேண்டும் என்று அன்று கேட்டவர்களே பிறகு தவறாமல் வந்தார்கள்.

முதலில் வாழ்க்கை. 1906இல் பிறந்தவர்; ஹைடெகர், யாஸ்பெர்ஸ் என்ற தத்துவஞானிகளிடம் படித்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் பெர்லினில் கைதாகி, வெளியே வந்ததும் தாயோடு எல்லை கடந்து, பின்னர் பிரான்ஸ் சேர்ந்தார். 1940இல் பிரான்ஸ் அவரை, ஜேர்மனியிலிருந்து வந்தவர் என்பதால், குர்ஸ் தடுப்பு முகாமில் அடைத்தது. ஜேர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற குழப்பத்தில் வெளியேறித் தப்பினார். அங்கே தங்கிவிட்டவர்களில் பலர் பின்னர் நாஜிகளின் கொலைமுகாமான அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். 1941இல் நியூயோர்க் சேர்ந்தும், 1951 வரை அவர் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை.

அதே 1951இல் வெளிவந்த ‘முற்றதிகாரத்தின் தோற்றுவாய்கள்’ நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தாண்ட எங்களுக்கு மாதங்கள் பிடித்தன. மனித உரிமை பிறப்போடு வருகிறது என்கிறார்கள். எந்த அரசும் தன் ஆள் என்று ஏற்காதவருக்கு அது எங்கே செல்லுபடியாகும் என்று கேட்கிறார் அரெண்ட். உரிமைகள் கிடைக்கவே முதலில் ஓர் உரிமை, ஓர் அரசியல் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கும் உரிமை, வேண்டும் என்கிறார். அவர் இந்த நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1948இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஓர் அக்கா, தகப்பனாரின் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டிய டேப் மஞ்சளாகியிருந்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் அந்தக் கடிதத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அன்று அதற்கு மேல் வாசிப்பு நடக்கவில்லை, நடக்கவும் வேண்டியிருக்கவில்லை.

‘எருசலேமில் ஐக்மன்’ (1963) பற்றிய கூட்டம் சண்டையில் முடிந்தது. யூதப் படுகொலையில் பங்கெடுத்த நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கு விசாரணை பற்றிய அந்த நூல், நாஜிகளோடு ஒத்துழைத்த யூதத் தலைவர்களையும் விமர்சித்தது. யூத மக்கள் மீது அன்பில்லாதவர் என்று அவருடைய நண்பரான யூத அறிஞர் ஷோலெம் குற்றஞ்சாட்டியபோது, எந்த இனத்தையும் தாம் நேசித்ததில்லை, நண்பர்களை மட்டுமே நேசிப்பதாக அரெண்ட் பதில் எழுதினார். பலருக்கு அது பொறுக்கவில்லை. எனக்கும் அந்தப் பதில் முழுதாகச் சரியென்று படவில்லை. ஆனால் தன் சனத்தின் தலைமையையும் கேள்வி கேட்ட அவருடைய துணிவு நமக்குத் தேவை என்றே நினைக்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மண்டபத்தை வாடகையின்றித் தந்த சனசமூக நிலையத்தாருக்கு நன்றி.

ஒன்பதாம் அத்தியாயத்தைத் தமிழாக்கும் வேலை பாதியில் நிற்கிறது. கொப்பிகள் வாசிகசாலை அலுமாரியில் உள்ளன. புதிய நிர்வாகம் முதல் வேலையாக அதை எடுக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த இளையவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.