காமோ சட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. டாக்டர்களைப் போல மோசமான நோயாளிகள் கிடையாது, அதிலும் நீ தனி ரகம்.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் போய்விட்டார். நீ இங்கே வந்திருந்தபோது ஒருநாள் காலையில் வாசல் திண்டில் ஒரு கூடை தக்காளி இருந்ததே, அதை வைத்துவிட்டுப் போனவர். பெட்டியில் அவரைக் கோட்டு சூட்டோடு படுக்க வைக்கவில்லை. 1989 சுரங்கத் தொழிலாளர் ஸ்ட்ரைக்கில் போட்டிருந்த பச்சைக் காமோ சட்டையை, பட்டாளத்துக்காரர்கள் உடுப்பு மாதிரி இருக்குமே அதை, இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்கள். அவரே எழுதி வைத்துவிட்டுப் போனாராம்.

நான் இந்த வர்ஜீனியா மலைக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகாத சமயம் அது. முதல் தடவை அவர் கையைப் பார்த்துவிட்டு, "பச்சை குத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். விரல் முட்டிகளில் நீலநீலமாய்க் கோடுகள். "நான் குத்தவில்லை டாக்டர், கரி குத்தியது" என்றார். சுரங்கத்துக்குள் காயம் பட்டால் கரித்தூள் உள்ளே போய், தோல் அதன்மேல் மூடிக்கொள்ளும். அது அப்புறம் போகவே போகாது.

சுரங்கங்களை நடத்திய பிட்ஸ்டன் என்ற நிலக்கரிக் கம்பெனியோடு தொழிற்சங்கத்துக்கு இருந்த ஒப்பந்தம் 1988 தொடக்கத்தில் முடிந்தது. ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், கைகால் முடியாமல் போனவர்கள் என்று சுமார் 1,500 பேருக்கு மருத்துவச் செலவு கொடுப்பதைக் கம்பெனி நிறுத்தியது. தொழிற்சங்கம் பதினாலு மாதம் ஒப்பந்தமே இல்லாமல் வேலை பார்த்துவிட்டு, 1989 ஏப்ரல் 5 அன்று வெளியே வந்தது. கூலி உயர்வு முக்கியமாக இல்லாத ஸ்ட்ரைக்கை நீ பார்த்திருக்கிறாயா? இங்கே முதல் சண்டை கிழவர்களின் மருத்துவ அட்டைக்காக. அந்த அட்டைக்குப் பின்னால் 1946 இருந்தது. அந்த வருஷம் அரசாங்கமே சுரங்கங்களைக் கையில் எடுத்து, சங்கத் தலைவர் ஜான் லூயிஸோடு கையெழுத்துப் போட்டு, தொழிலாளர் நல நிதியை ஏற்படுத்தியது. சாகும்வரை வைத்தியம் உண்டு என்றுதான் இவர்கள் அதைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இதில் வேடிக்கை, நம் பெரியவரின் அம்மாவுடைய அட்டை வேறு கம்பெனியுடையது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றி, "மூச்சை இழுக்கவா டாக்டர்?" என்றார்.

அந்தக் கோடையில் நான் க்ளினிக்குக்கு நேரத்துக்குப் போனதாக ஞாபகமே இல்லை. கரி லாரிகளை மறிக்க இவர்கள் கார்களை வரிசையாக ஆமை வேகத்தில் விடுவார்கள். மலைப்பாதையில் முந்துவதற்கு ஏது இடம்? கம்பெனியோ வெளியூர்க்காரர்களைக் கொண்டு வேலையை நடத்தியது. நாம் கருங்காலி என்போம், இவர்கள் 'ஸ்கேப்' என்பார்கள், புண்மேல் கட்டுகிற பக்கு. அவர்களுடைய டயருக்காக ரோட்டில் ஜாக்ராக் கிடக்கும். ஆணிகளை வளைத்து வெல்டிங் வைத்து ஒட்டியது. நெருஞ்சி முள் மாதிரி, எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும். என் பழைய டொயோட்டாவுக்கும் ஒன்று கிடைத்தது. அதையே சின்னதாகச் செய்து காதில் தோடாகப் போட்டுக்கொண்டு பெண்கள் இரத்த அழுத்தம் பார்க்க வந்தார்கள்!

செப்டம்பர் 17 அன்று 98 சுரங்கத் தொழிலாளர்களும் ஒரு பாதிரியாரும் கார்போ என்ற ஊரில் இருந்த பிட்ஸ்டனின் 'மாஸ் மூன்று' கரி சுத்திகரிப்பு ஆலைக்குள் நடந்து போய் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். நாலாம் நாள் இரவு அவர்களாகவே கிளம்பி வந்தார்கள். நீதிமன்றம் சங்கத்துக்குப் போட்ட அபராதம் ஆறு கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது தனிக்கதை. 1990 பிப்ரவரியில் ஸ்ட்ரைக் முடிந்தபோது அட்டைகள் திரும்பி வந்தன.

அவர் தாத்தா மேற்கு வர்ஜீனியாப் பக்கம். 1921-இல் சங்கம் வைக்கும் உரிமைக்காகக் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிளேர் மலைக்கு நடந்த பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்களில் ஒருவர். எதிர்ப்பக்கம் லோகன் மாவட்டப் போலீஸ் தலைவர், ஷெரிஃப் டான் சாஃபின், இயந்திரத் துப்பாக்கிகள், மேலே வாடகை விமானத்திலிருந்து குண்டுகள். கடைசியில் மத்திய ராணுவம் வந்ததும் தொழிலாளர்கள் கலைந்தார்கள். அதன்பின் தேசத்துரோக வழக்கு. பயத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டது. தாத்தா சாகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். தானும் ஊமையாகப் போகக்கூடாது என்றுதான் அந்தச் சட்டையோ என்னவோ. நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இனி உன்னிடம் மட்டும் சொல்வது. பிளாக் லங், அதாவது கரித்தூசியால் வரும் நுரையீரல் நோய், அதற்கான நஷ்டஈட்டுக்குப் பெரியவர் மனுப் போட்டபோது அறிக்கை எழுதியவன் நான். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் கட்டி கட்டியாக வெள்ளை. சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சிகரெட்டும் பிடிப்பார். நான் பெரிய நியாயவான் மாதிரி, "புகைப்பழக்கமும் காரணமாக இருக்கக்கூடும்" என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் கடைசியாக வேலை பார்த்த சின்னச் சுரங்கத்தின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வழக்கை ஆறு வருஷம் இழுத்தார். பணம் வந்தபோது அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை, சாய்வு நாற்காலியில்தான் இரவு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோடையில்தான் முதல் தக்காளிக் கூடை வந்தது. இன்றுவரை அது மன்னிப்பா, குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

1969-இல் சட்டம் போட்டுத் தூசிக்கு அளவு வைத்தபின் இந்த நோய் ஒழிந்துவிடும் என்று படித்தோம் அல்லவா? 2018-இல் வந்த அரசு ஆய்வில், இந்த மலைப்பகுதியில் 25 வருஷம் சுரங்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. தடித்த கரிப்படிவங்கள் தீர்ந்துவிட்டன. மெல்லிய படிவத்தை எடுக்க மேலும் கீழும் பாறையையும் சேர்த்து அறுக்கிறார்கள், சிலிக்கா நேராக நுரையீரலுக்குள் போகிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் நாற்பத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். படத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, பெயர் மாறிவிட்டதோ என்று மேல் ஓரத்தை மறுபடி படித்தேன்.

சர்ச்சில் சாப்பாடு முடிந்ததும் பெரியவரின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, அவர் பர்ஸிலிருந்து ஓரம் பழுத்த ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அவருடையது அல்ல, அம்மாவுடையது. அந்த அம்மா போயே இருபத்தைந்து வருஷமாகிறது. "இதை யாரிடமாவது திருப்பிக் கொடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பேரன் கல்லூரி விஷயம் என்னாயிற்று, எழுது. ஞாயிறு உன் ஊர் நேரம் இரவு எட்டுக்குக் கூப்பிடுகிறேன், தூங்கிவிடாதே.

உன்
பங்காளி