தென்காசி–புனலூர் பேருந்து ஊழியர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஓட்டுநர், நடத்துநர் அண்ணாச்சிகளுக்கும், மலைக்கு அந்தப் பக்கத்துச் சேட்டன், சேச்சிமார்களுக்கும் வணக்கம்.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாக உங்கள் வண்டியில் வேலைக்கும் படிப்புக்கும் போய்வரும் பெண்களில் ஒருத்தி எழுதுகிறேன்.

புளியரை தாண்டி மலை வளைவுகளில் பஸ் திரும்பும்போது நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்வோம். வளைவு முடிந்ததும் எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள். ஒருவன் மட்டும் நிமிர மாட்டான். உட்கார இடம் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பின்னாலிருந்து விரல்கள் வரும். அந்த இடைவெளியில் பையைச் செருகி வைக்கவும், ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளவும் எங்களுக்கு அம்மாமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். அன்றைய பயணம் அதில் தப்பும். மறுநாள் அவன் அதே பஸ்ஸில் வேறொரு பெண்ணின் பின்னால் உட்காருவான்.

சத்தம் போட்டுச் சொல்லுங்கள் என்கிறார்கள். சரி, சொல்லுகிறோம். என் தோழி சொன்னபோது நடத்துநர், "நீ முன்னால வந்து நின்னுக்கோம்மா" என்றார். அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். எழும்ப வேண்டியவன் அவன் அல்லவா? எல்லை தாண்டிவிட்டால் இன்னொரு பதிலும் வரும்: "இது கேரளா லிமிட்டு, இங்க யார்கிட்ட சொல்ல?"

சொல்ல இடம் இருக்கிறது. அதைச் சொன்ன தீர்ப்பே நம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து பிறந்ததுதான். 1999 ஜூலையில், குற்றால சீசன் பாதுகாப்புக்கு வந்த ஆயுதப்படைக் காவலர் ஒருவர், கணவரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்ணிடம் குடிபோதையில் தவறாக நடந்தார். அங்கே பணியிலிருந்த போலீஸாரிடம் அவர்கள் உடனே சொன்னார்கள். ஆனால் கிரிமினல் வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள், அவர் விடுதலையானார். துறை விசாரணையில் அவரைப் பணிநீக்கம் செய்தது சரியே என்று 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்குமான உத்தரவுகளையும் அதோடு சேர்த்துப் போட்டது. அவற்றில் ஒன்று உங்களுக்கானது: பேருந்தில் இப்படி நடந்து, பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால், ஊழியர்கள் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் பெர்மிட்டே ரத்தாகலாம்.

எல்லைச் சாக்குக்கும் இப்போது இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, இத்தகைய குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ஆரியங்காவில் நடந்ததைப் புளியரையில் சொல்லலாம். புளியரையில் நடந்ததைத் தென்மலையில் சொல்லலாம்.

எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் வைத்துக்கொள்ளச் சின்னப் பெண்களிடம் சொல்கிறோம். எந்த வண்டி, எந்த நேரம் என்பதற்கு அது ஆதாரம். அவசர உதவி எண் 112 இரண்டு மாநிலத்திலும் எடுக்கும், கேரளப் பக்கம் பெண்கள் பாதுகாப்புக்கான பிங்க் போலீஸுக்கு 1515. ஒருத்தி குரல் கொடுத்தால் பக்கத்தில் இருக்கிற நாங்கள் எழுந்து அவளோடு நிற்கிறோம். அவள் ஸ்டேஷனுக்குப் போனால் கூடவே இறங்குகிறோம். தனியாக விடப்பட்ட சாட்சிதான் பின்வாங்குகிறது.

ஆனால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கிறது. வண்டி லேட்டாகும், டிப்போவில் கேள்வி கேட்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வி வந்தால், புகார் எழுதிய நாங்களே டிப்போவுக்கு வந்து உங்களுக்காகப் பேசுகிறோம். காவல் நிலையத்தில் நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், தமிழிலும் மலையாளத்திலும், "புகார் வந்தால் இந்த வண்டி காவல் நிலையத்துக்குப் போகும்" என்று ஒரு பலகை மாட்டுங்கள். பலகை எழுதும் செலவை நாங்கள் தருகிறோம். எந்த டிப்போவில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் தினமும் வரும் ஒரு பெண்