என் வீட்டுக்காரரை மீட்டுக் குடுத்த எல்லாருக்கும் நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் சாயப்பட்டறையில காஸ்டிக் சோடா, அதாங்க தோலை அரிக்கற கடுங்காரம், அது போற பைப் கழண்டு என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம் இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் வெந்துபோச்சுன்னு கேள்விப்பட்டு நெறைய பேர் போன் பண்ணுனீங்க, அப்ப எனக்கு பேசற தெம்பே இல்ல. இப்ப சொல்றேன், தேறிட்டார், செவுத்தை புடிச்சுக்கிட்டு நடக்கறார்.

முதல் நன்றி பாய்லர்ல வேலை பாக்கற அண்ணனுக்குத்தான். சூப்பர்வைசர் காரை கொண்டாந்து நிறுத்தி ஏத்துங்க ஏத்துங்கன்னு கத்தறார், இவர் விடவே இல்லையாம், தண்ணி முதல்லன்னு ஓஸை புடிச்சவர் அரை மணி நேரத்துக்கு மேல ஊத்திக்கிட்டே இருந்திருக்கார். ஷூவை கழட்டி, பேண்ட்டை கத்திரியில வெட்டி, அரைஞாண் கயித்தைக்கூட அறுத்து வீசிட்டார், அதுலயும் காஸ்டிக் ஊறியிருந்துச்சு. தோலைத் தொட்டா சோப்பு போட்ட மாதிரி வழவழன்னு இருந்துச்சாம், அது போற வரைக்கும் நிறுத்தல. ஆசிட் பெரும்பாலும் மேல பொசுக்கி பொருக்கு கட்டிரும், காஸ்டிக் சதையை கரைச்சுக்கிட்டே உள்ள எறங்கும், வலியே லேட்டாத்தான் தெரியும், அந்த தண்ணி இல்லைன்னா எலும்பு வரைக்கும் போயிருக்கும்னு ஜிஎச்ல டாக்டரம்மா சொன்னாங்க. அண்ணா, உங்களுக்கு நான் என்னத்த சொல்றதுன்னே தெரியலைங்க.

கேன்டீன் அக்கா, யாரோ எலுமிச்சம்பழத்தை புழியப் போனப்ப தட்டிவிட்டீங்களே, அதுவும் காஸ்டிக்கும் சேந்தா சூடு கெளம்பி இன்னும் வெந்திருக்குமாம். 108ல வந்த தம்பிங்களுக்கும், தொடையில தோல் எடுத்து வெச்சு தச்ச டாக்டருங்களுக்கும், டிரெஸ்ஸிங் மாத்தறப்ப அவர் போடற சத்தத்துக்கு ஒரு நாளும் மொகம் சுளிக்காத தீக்காய வார்டு சிஸ்டருங்களுக்கும் கோடி கும்புடு.

யூனியன் தோழர், செலவை நாங்க பாத்துக்கறோம் ரிப்போர்ட் எதுக்குன்னு பட்டறையில சொன்னப்ப நீங்க மட்டும் உக்காந்து விபத்து ரிப்போர்ட் எழுத வெச்சீங்க. வேலையில அடிபட்டா சேந்த முதல் நாள்ல இருந்தே இஎஸ்ஐ, அதாங்க தொழிலாளர் காப்பீடு, உண்டு, லீவுல இருக்கறப்ப சம்பளத்துல 90 சதவீதம் வரும்னு எனக்கு யார் சொல்லியிருப்பா? புள்ளைங்க ஸ்கூல் பீஸ் அந்த காசுலதான் கட்டுனேன்.

இப்ப அந்த எடத்துல எமர்ஜென்சி ஷவர் போட்டிருக்காங்களாம், அதுக்கும் நன்றி, கண்ணு கழுவறதுக்கும் ஒன்னு வெச்சிருங்க முதலாளி, கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் குடும்பத்தோட நம்ம வீட்டுக்கு சாப்பிட வரணும், பாய்லர் அண்ணன் நைட் ஷிப்ட்னு சாக்கு சொல்லக்கூடாது.