பத்தாவது எடத்துல முடிஞ்ச நம்ம நாப்போலி

2024 ஜூன்

மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி சொல்லுச்சு, அதுக்கப்புறம் தான் மனசு கொஞ்சம் ஆறுச்சு, பிசியோதெரபிய மட்டும் விடாம பண்ணச் சொல்லு, எங்க அத்தை பாதில விட்டுட்டு இன்னும் செவுத்த புடிச்சு தான் நடக்குறாங்க. இங்க பெரியவளுக்கு காலேஜ் அப்ளிகேஷன் அலைச்சல், அத விட்டா வேற விசேஷம் இல்ல.

நம்ம இத்தாலி ஃபுட்பால் கிளப் நாப்போலிக்கு என்னடா ஆச்சுன்னு கேட்டிருந்த. நீ வேலை அலைச்சல்ல இந்த 2023-24 சீசன் ஒண்ணுமே பாக்கலன்னு சொன்னப்ப, பாக்காததே நல்லதுன்னு தான் தோணுச்சு. போன வருஷம், 2023 மே 4 ராத்திரி ஞாபகம் இருக்கா, உதினேசி டீம் கூட 1-1, நம்ம ஸ்ட்ரைக்கர் ஓசிமென் கோல் போட்டதும் நீ போன்ல கத்துன கத்து, 33 வருஷம் கழிச்சு ஸ்குடெட்டோ, அதான் இத்தாலி லீக் சாம்பியன் பட்டம், 90 பாயிண்ட். இந்த வருஷம் அதே டீம் 53 பாயிண்ட், பத்தாவது எடம். 96-ல சாம்பியன் ஆன ஏசி மிலன் அடுத்த சீசன் 11-வதா வந்துச்சுல்ல, அதுக்கு ஒரு படி மேல, அவ்ளோ தான்.

எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த டீம் தானா ஓடுற வண்டின்னு ஓனர் டி லாரென்டிஸ் நம்பிட்டார். கோச் ஸ்பலெட்டி ஓய்வு வேணும்னு போய்ட்டார், ஆளுங்கள தேடிப்புடிச்சு கொண்டுவந்த ஜுன்டோலி யுவென்டஸுக்கு போய்ட்டார், கிம் மின்-ஜே ஜெர்மனி கிளப் பயர்னுக்கு. டிஃபென்ஸ்ல கிம் தான்டா தூணு, அவன் பின்னாடி இருக்கான்ற தைரியத்துல தான் மத்தவன்லாம் மேல ஏறி நின்னு ஆடுனான். அவன் எடத்துக்கு பிரேசில்ல இருந்து நடான்னு ஒரு சின்னப் பையன், அவன குத்தம் சொல்லி என்ன, அவ்ளோ பெரிய செருப்புல கால விடச் சொன்னா எவனா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வான்.

அப்புறம் கோச்சு. ரூடி கார்சியா வந்தார், நவம்பர்ல எம்போலி நம்ம ஊட்டுலயே வந்து 1-0 அடிச்சதும் அனுப்பிட்டாங்க. பழைய மட்சாரிய கூப்ட்டாங்க. அவர் மேல எனக்கு மரியாதை உண்டு, யூரோப்போட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்கு நம்மள திரும்ப கூட்டிட்டு போனவர், ஆனா இந்த தடவ ஒண்ணும் கூடி வரல. டிசம்பர் 19 இத்தாலியன் கப்ல ஃப்ரோசினோனே டீம் நம்ம மரடோனா ஸ்டேடியத்துல வந்து 4-0, நாலும் 65-வது நிமிஷத்துக்கு மேல, அதுல ஒரு கோல் செத்திரா போட்டது, அவன் நம்ம ஆளுடா, நாம லோன்ல குடுத்த பையன்! அன்னைக்கு நான் சாப்புடாமயே படுத்தேன்.

பிப்ரவரில சாம்பியன்ஸ் லீக்ல பார்சிலோனா மேட்சுக்கு ரெண்டே நாள் இருக்கறப்ப மட்சாரியும் அவுட், அப்போ ஸ்லோவாக்கியா நாட்டு டீம் கோச்சா இருந்த கல்சோனா அந்த வேலையோட இதையும் சேத்து பாத்தார். ஒரே சீசன்ல மூணு பேர், ஆளுக்கொரு மாதிரி நில்லுன்றான், பிளேயர் யார் பேச்ச கேப்பான் சொல்லு.

ஆனாலும் அந்த மேட்ச் ராத்திரி ஒண்ணரைக்கு எந்திரிச்சு பாத்தேன். பார்சிலோனாவோட லெவன்டோஸ்கி கோல் போட்டதும் டிவிய ஆஃப் பண்ண போய்ட்டேன், 75-வது நிமிஷம் ஓசிமென் முதுகால டிஃபென்டர நெருக்கி புடிச்சுக்கிட்டே அப்டியே திரும்புனான், அந்தாளு கீழ விழுந்துட்டான், இவன் நெதானமா உள்ள அடிச்சான் பாரு, 1-1. ஆப்பிரிக்காவோட பெஸ்ட் பிளேயர்னு டிசம்பர்ல அவார்டு குடுத்தாங்களே அது சும்மா இல்லடா. அவன் பெனால்டி மிஸ் பண்ணத வெச்சு கிளப்போட டிக்டாக்லயே கிண்டலா வீடியோ போட்டது இன்னும் எனக்கு ஆறல, போன வருஷம் 26 கோல் போட்டு கப் வாங்கி குடுத்தவன் அவன்.

ரெண்டாவது லெக், அதான் திரும்ப ஆடுற மேட்ச், பார்சிலோனால, 17 நிமிஷத்துக்குள்ள அவங்க 2-0. நம்ம ரஹ்மானி ஒண்ணு திருப்புனான், கடைசில நம்ம லிண்ட்ஸ்ட்ரோம் தலையால முட்டுனது உள்ள போயிருந்தா கத வேற, வெளில போச்சு, கொஞ்ச நேரத்துல லெவன்டோஸ்கி 3-1, முடிஞ்சது. 14 வருஷமா விடாம யூரோப்ல ஆடுன டீம், அடுத்த சீசன் ஒரு கப்லயும் இல்ல.

90-ல உங்க ஊட்டு டிவில தூர்தர்ஷன்ல வேர்ல்ட் கப் அர்ஜென்டினா இத்தாலி செமி ஃபைனல் பாத்தோம்ல, நாப்போலியோட அதே ஸ்டேடியத்துல நடந்தது, உங்கப்பா கூட தூங்காம ஒக்காந்து இருந்தார், அப்போ புடிச்சது இந்த ஊரு மேல கிறுக்கு, பத்தாவது வந்தாலும் போகாது.

இப்போ 2024 ஜூன்ல புது கோச்சா அன்டோனியோ கான்டேவ எடுத்துருக்காங்க. கறாரான ஆளு, வாரத்துக்கு ஒரு மேட்ச் தான்றதால ட்ரெயினிங்குக்கு நேரம் நெறைய கெடைக்கும், எனக்கு நம்பிக்கை இருக்கு. ஓசிமென் இருப்பானான்னு தான் தெரியல. தீபாவளிக்கு ஊருக்கு வர்றியா, வந்தா ஒரு மேட்சாவது ஒண்ணா ஒக்காந்து பாக்கணும், லீவு போட்டதும் சொல்லு. அம்மாவ கேட்டதா சொல்லு.