நன்றி, நங்கநல்லூர் சாருக்கும் நம் குழுவுக்கும்

செமஸ்டர் ஒருவழியாக முடிந்தது. இன்டர்னல் மதிப்பெண்களை ஏற்றிவிட்டு, அதே கையோடு இதை எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

கொரோனா இரண்டாம் அலையில் 2021 மே மாதம் எப்படிப் போனது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் நம் வேதியியல் ஆசிரியர் குழுவில் நடுராத்திரி உட்கார்ந்து ஆஸ்பத்திரிப் படுக்கை தேடிக் கொடுத்தவர்கள், நான் நோயில் கிடந்தபோது என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர்கள், பூட்டிக் கிடந்த லேபுக்கு அனுமதி வாங்கிப் போய், ப்யூரெட் அளவு தெரியும்படி டைட்ரேஷனைப் படம்பிடித்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பியவர்கள், சம்பளம் பாதியாகிப்போனவர்களின் கணக்கில் பெயர் சொல்லாமல் பணம் போட்டவர்கள், எல்லோருக்கும் பெரிய கும்பிடு. தனித்தனியாகச் சொன்னால் திட்டுவீர்கள்.

நங்கநல்லூர் சாரைப் பற்றி மட்டும் சொல்லியே ஆக வேண்டும்.

உடம்பு தேறி மறுபடி ஆன்லைனில் வகுப்பெடுக்க உட்கார்ந்தபோது குரல் முழுசாகத் திரும்பவில்லை. திரை நிறையப் பெயர்கள், ஒரு முகம் கிடையாது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நாளுக்கு 2 ஜிபி என்று அரசு கொடுத்த டேட்டா ஏப்ரலோடு முடிந்தது. புளியந்தோப்பில் ஒற்றை அறை வீட்டில், மொத்தக் குடும்பத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் பெண் கேமராவை எப்படிப் போடுவாள்? இருந்தாலும் சுவரோடு எத்தனை நாள் பேசுவது? குழுவில் ஒரு வரி புலம்பினேன். சாரிடமிருந்து தனியாக மெசேஜ்: "லிங்க் அனுப்பும்மா. நான் வந்து உக்கார்றேன்."

நான் வேதியியல் பக்கம் வருவதற்கு முன்பிருந்தே வெப்ப இயக்கவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் நீள நோட்டு, கேமரா ஆன். நேரத்துக்கு வந்தார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் அடங்கிப்போனார்கள்.

வெப்ப இயக்கவியலின் முதல் விதி, அதாவது வெப்பமும் வேலையும் சேர்ந்து வாயுவின் அக ஆற்றலை (உள்ளே இருக்கும் ஆற்றலை) எப்படி மாற்றுகின்றன என்பது, நடத்திய அன்று சார் மைக்கை ஆன் செய்தார். "மேடம், ஒரு டவுட். பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல வெப்பத்துலேர்ந்து வேலையைக் கழிச்சோம். நீங்க கூட்டறீங்களே, எது சரி?"

அவருக்கா தெரியாது! இயற்பியலில் வாயு செய்யும் வேலையைக் கணக்கில் எடுக்கிறார்கள். வேதியியலில் ஐயூபேக் (சர்வதேச வேதியியல் அமைப்பு) முறைப்படி வாயுவின் மேல் செய்யப்படும் வேலையை எடுக்கிறோம். அதனால்தான் விரியும்போது நமக்கு வேலை மைனஸ். எப்படிப் போட்டாலும் அக ஆற்றல் மாற்றம் ஒன்றேதான் என்று சொல்லி முடித்தேன். சாட்டில் "மேம், எனக்கும் இதே டவுட்" என்று வரிசையாக வந்து விழுந்தது. இரண்டு வருஷமாக இதைக் கேட்காமலேயே வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு பையன் மைக்கைத் திறந்து, "அப்ப அமுக்கினா பிளஸ்ஸா மேம்?" என்றான். சாரோ ஒன்றும் தெரியாதவர் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

2020-லிருந்து எவ்வளவோ வெபினார், எவ்வளவோ இ-சான்றிதழ். பதவி உயர்வுக் கோப்புக்கு ஆகும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படி வகுப்பெடுக்க வேண்டும் என்று எல்லோரும் எங்களுக்குச் சொன்னார்கள். எடுக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தவர் இவர்தான்.

சார், இதைப் படித்துவிட்டு ஃபோன் பண்ணாதீர்கள், அழுதுவிடுவேன்.

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் யாராவது காலித் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு லிங்க் அனுப்புங்கள். செவ்வாய், வியாழன் மதியம் எனக்கு வகுப்பு இல்லை. கேமரா போட்டுக்கொண்டு வருகிறேன். தாவரவியல் என்றாலும் சரி. அதில் என் டவுட் எல்லாம் நிஜமான டவுட்டாகவே இருக்கும்.